சுவர்ப்பாசி சொல்லும் சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் செயலாளர் போன் பண்ணி, "உனக்கு இருபது நிமிஷம். சிவில்காரன்தானே, மெட்ரோ, மேம்பாலம்னு ஏதாவது சொல்லு, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "பாசியைப் பத்திப் பேசறேன் ஸார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எது, கழுத்துல போடற பாசிமணியா?" என்றார். "இல்லை ஸார், நம்ம பழைய பிளாக் பின்சுவரில் இருக்கிற பாசி." "அதைத்தான்பா சுரண்டப் போறோம்" என்றார். அதனால்தான் ஸார் பேசவேண்டியிருக்கு என்றேன்.

இன்று மதியம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. பழைய பிளாக்கின் பின்சுவரைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, ஆசிட் விட்டுக் கழுவி, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பதற்கு நிதி திரட்டுவது. நல்ல எண்ணம். நானும் என் பங்கைக் கொடுப்பேன். ஆனால் அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதன் மேல் இருக்கிற பாசி நமக்கு ஒரு சேதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் அழித்துவிட்டால், பெயிண்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

நான் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிற வேலை கட்டிடங்களில் ஒழுகல் பார்ப்பது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, இவ்வளவுதான் என் வண்டி சுற்றுகிற வட்டம். இந்த வேலையில் மீட்டரைவிட அதிகம் பார்த்தது பாசியைத்தான்.

தமிழில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. பச்சையாக எது படர்ந்தாலும் பாசி. குளத்தில் மிதப்பது பாசி, மழைக்காலத்தில் மொட்டை மாடியில் காலை வாருவது பாசி, கைப்பிடிச் சுவரில் வெல்வெட் துணி ஒட்டின மாதிரி இருப்பதும் பாசி. முதல் இரண்டும் பெரும்பாலும் ஆல்கா வகையறா. மூன்றாவது வேறு ஜாதி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டித் தண்டு, அதைச் சுற்றி இலை, சில சமயம் உச்சியில் ஒரு சின்ன ஜாடி. பள்ளிக்கூடத்தில் ஃபுனேரியா என்று படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அதன் சொந்தக்காரன். குழப்பம் வராமல் இருக்க நான் இதைச் சுவர்ப்பாசி என்றே சொல்கிறேன்.

நம் ஊர்ச் சுவர்களில் சகஜமாக இருப்பது ஹயோஃபிலா இன்வொலூட்டா. இன்வொலூட்டா என்றால் உள்ளே சுருண்டது என்று அர்த்தம். பேரிலேயே பாதிக் கதை வந்துவிட்டது. காய்ந்தால் இலையின் இரண்டு ஓரமும் உட்பக்கமாகச் சுருண்டு, பீடி மாதிரி ஆகிவிடும். நிறமும் கறுத்துவிடும். தண்ணீர் தெளித்தால் கண் முன்னாலேயே விரிந்து பச்சையாகும். டீ ஆறுவதற்குள் நடந்துவிடுகிற காரியம். பார்க்காதவர்கள் இன்று மதியம் பின்சுவருக்குப் போய் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், டிக்கெட் கிடையாது.

இதற்கு வேர் கிடையாது. அடியில் இருக்கிற இழைகள் பிடித்துக்கொள்ளத்தான். இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். மெழுகுப் பூச்சு பேருக்குத்தான். முருங்கை மரம் வெயிலில் என்ன செய்கிறது? இலையில் இருக்கிற துளைகளை மூடிக்கொள்கிறது, வேரிலிருந்து இழுக்கிறது, கடைசியில் இலையைக் கொட்டிவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. கதவு, ஜன்னல், நிலவறை எல்லாம் இருக்கிற வீடு அது. சுவர்ப்பாசி இலைக்குக் கதவே இல்லை. காற்று எவ்வளவு ஈரமோ அவ்வளவு ஈரம். காற்று காய்ந்தால் அதுவும் சேர்ந்து காயும்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு எண். ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கிற காற்று, தண்ணீரை இழுக்கிற இழுப்பு சுமார் 95 மெகாபாஸ்கல், அதாவது 900 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். பயிர்கள் மீள முடியாமல் வாடுகிற எல்லை என்று விவசாயக்காரர்கள் வைத்திருப்பது 1.5 மெகாபாஸ்கல். அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த இழுப்புக்கு எந்தச் சின்ன செடியும் எதிர்த்து நிற்க முடியாது. சுவர்ப்பாசி எதிர்ப்பதே இல்லை, விட்டுக்கொடுத்துவிடுகிறது. நன்றாகக் காய்ந்த பாசியில் மிஞ்சுகிற தண்ணீர் அதன் உலர் எடையில் 5, 10 சதவீதம்தான்.

அப்படியானால் அது எப்படிச் சாகாமல் இருக்கிறது?

செல்லில் தண்ணீர் போனால் இரண்டு ஆபத்து. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சவ்வுகள் நசுங்கிக் கிழியும். பாசிச் செல்லில் சர்க்கரை நிறைய உண்டு, நம் வீட்டுச் சர்க்கரை, சுக்ரோஸ்தான். நன்றாக ஆராயப்பட்ட டார்ட்டுலா ரூராலிஸ் என்ற பாசியில் உலர் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதுவே. (இதன் பேரை இப்போது சின்ட்ரிக்கியா ரூராலிஸ் என்று மாற்றிவிட்டார்கள். தாவரவியல்காரர்களுக்கு நம்ம கார்ப்பரேஷன் தெருப்பேர் மாற்றுகிற மாதிரி ஒரு பழக்கம்.) அடுப்படியில் பாகு காய்ச்சினவர்களுக்கு மீதி புரிந்துவிடும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டிப் போனால் பாகு ஆறும்போது கண்ணாடி மாதிரி இறுகும், தட்டினால் சில்லுச் சில்லாக உடையும். செல்லுக்குள்ளும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. புரதமும் சவ்வும் போட்டது போட்டபடி அந்தக் கண்ணாடிக்குள் நின்றுவிடுகின்றன. ரசாயனம் எல்லாம் அநேகமாக ஸ்தம்பித்துவிடும். அது தூக்கம்கூட இல்லை. தூங்குகிறவனுக்கு மூச்சு இருக்கும்.

இன்னொரு சிக்கல் வெயில். காய்ந்த பாசி தன் பச்சையத்தைக் கலைத்துவிடுவதில்லை, அப்படியே வைத்துக்கொள்கிறது. தண்ணீர் இல்லாததால் ஒளிச்சேர்க்கை ஓடாது, ஆனால் வெளிச்சம் விழுந்துகொண்டேதான் இருக்கும். கன்வேயர் நின்ற பிறகும் லாரி வந்து சரக்கு கொட்டுகிற கதை. அந்தச் சக்தியை வெறும் சூடாக மாற்றி வெளியே விடுவதற்கு அதனிடம் ஏற்பாடு இருக்கிறது. இலை சுருள்வதும் ஒரு குடைதான்.

தண்ணீர் திரும்பி வருகிற நிமிஷம்தான் உண்மையில் ஆபத்தான நிமிஷம். சுருங்கிக் கிடந்த சவ்வு நீரை உறிஞ்சும்போது முதலில் ஒழுகுகிறது. செல்லுக்குள் இருந்த உப்புகளும் சர்க்கரையும் வெளியே கசிகின்றன. உடனே ஒட்டுப் போட்டாகவேண்டும். அதற்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் கட்டளைத் தாள்கள் சில, காயும்போதே எழுதி மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கையெழுத்துப் போட்டு வைத்த செக் மாதிரி. புதிதாக எழுதிக்கொண்டிருக்க நேரம் இல்லை. கனடாவில் டெரிக் பியூலி 1970களில் இந்தப் பாசியில் புரத உற்பத்தி எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஆரம்பிக்கிறது என்று காட்டினார். அமெரிக்காவில் மெல்வின் ஆலிவர் 1991இல் எண்ணிச் சொன்னார்: நனைந்தவுடன் 25 புரதங்களின் உற்பத்தி குறைகிறது அல்லது நிற்கிறது, 74 புரதங்களின் உற்பத்தி கூடுகிறது அல்லது புதிதாகத் தொடங்குகிறது. வீடு ஒழுகும்போது சமையலை நிறுத்திவிட்டு எல்லாரும் வாளி தூக்குகிற மாதிரி.

இந்த ரிப்பேருக்குச் செலவு உண்டு. நனைந்தவுடன் முதலில் ஓடுவது சுவாசம், அதாவது கையிருப்பு கரைகிறது. ஒளிச்சேர்க்கை சில நிமிஷத்தில் தொடங்கினாலும், வரவு செலவைத் தாண்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் மறுபடி காய்ந்துவிட்டால் அன்றைய கணக்கு நஷ்டம். ஐந்து நிமிஷத் தூறல் போட்டு உடனே வெயில் அடிக்கிற நாள் பாசிக்குத் தண்டனை. அதற்கு மழை இல்லாத நாளே தேவலாம். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் மே மாசம் தினமும் காலையில் பாசிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிற ஒரு தாத்தாவைப் பார்த்தேன், பாவம் காயுதேன்னு. அதைத் தூங்க விடுங்கோ தாத்தா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்கழிப் பனி வேறு கணக்கு. விடியற்காலையில் கோலம் போடுகிற நேரத்தில் பாசி நனைந்திருக்கும். சூரியன் வந்து காய்வதற்குள் கிடைக்கிற இடைவெளியில் கொஞ்சம் சம்பாதித்துக்கொள்ளும். ஹங்கேரியின் மணல்வெளியில் இதே டார்ட்டுலாவை அளந்தவர்கள், பனி விழுந்த நாளில் விடிந்ததும் சுமார் ஒன்றரை மணி நேரம் வரவு இருந்ததைக் கண்டார்கள். பெரிய தொகை இல்லை. நாள்கூலி.

எப்படிக் காய்கிறது என்பதும் முக்கியம். 1991இல் ஃபுனேரியாவின் இளம் இழைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி வந்தது. மெதுவாகக் காயவைத்தால் பிழைத்தன, சட்டென்று காயவைத்தால் செத்தன. மெதுவாகக் காயும்போது அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் கூடுகிறது, அது தயார்ப்படுத்துகிறது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் சட்டென்று காய்ந்தாலும் பிழைத்தன. சுவர்ப்பாசி தனித்தனியாக நிற்காமல் மெத்தை மெத்தையாக நெருங்கி வளர்வதில் இருக்கிற லாபம் இதுதான். இலைகளுக்கு இடையில் தண்ணீர் நிற்கும், காற்று உள்ளே புகாது, காய்வது மெதுவாகும்.

2024இல் பேப்பரில் ஒரு செய்தி வந்தது, பலர் படித்திருப்பீர்கள். சீனப் பாலைவனத்தில் வளரும் சின்ட்ரிக்கியா கேனினெர்விஸ் என்ற பாசி, செல்லில் இருக்கிற தண்ணீரில் 98 சதவீதத்துக்கு மேல் போனாலும் மீள்கிறது, மைனஸ் 80 டிகிரியில் ஐந்து வருஷம் வைத்த பிறகும் துளிர்க்கிறது, செவ்வாய்க்கு அனுப்பலாம் என்று. அனுப்பட்டும். நாம் முதலில் மாட வீதிக்கு வருவோம்.

வருவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பாசி விரிகிறது என்பதற்காக அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஃபாதர் ஃபோரோ பழனி மலைப் பாசிகளை வருஷக்கணக்காகச் சேகரித்து, 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் பட்டியலிட்டார். அந்த மாதிரிப் பழைய உலர்ந்த மாதிரிகளை இனம் காண்கிறவர்கள் இன்றும் முதலில் செய்வது தண்ணீரில் ஊறவைப்பதுதான். எத்தனையோ வருஷம் முன்னால் செத்த பாசியும் அழகாக விரியும். அது செல்சுவர் தண்ணீரை உறிஞ்சுவதால் நடக்கிற இயந்திர வேலை. (19 வருஷம் உலர்ந்து கிடந்து உண்மையிலேயே பிழைத்த ஒரு பாசி பற்றிய பதிவு உண்டு, அது விதிவிலக்கு.) சந்தையில் 'சஞ்சீவி' என்று சுருண்ட செடியைத் தண்ணீரில் போட்டு விரித்துக் காட்டி விற்கிறார்களே, அது பாசி இல்லை, செலாஜினெல்லா. அங்கேயும் விரிவது மட்டுமே சாட்சி ஆகாது. நனைத்த பிறகு ஒரு வாரம் ஈரமாக வைத்துப் புதுத் துளிர் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

இப்போது என் தொழில். மழை நின்றால் மழையை நம்பிய பாசி சுருண்டுவிடும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. மாசி மாசத்தில் மதியம் மூன்று மணிக்கு, காலைப் பனியெல்லாம் போன பிறகு, ஒரு சுவரில் பாசி விரிந்து பச்சையாக இருந்தால், அதற்கு வேறு எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. சுருண்டு கறுத்திருந்தால் அங்கே மழைத்தண்ணீர் மட்டும்தான். இதற்கு மீட்டர் வேண்டாம், கண் போதும்.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ், தேக்கு மரச் சட்டத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மேலே தட்டோடு பதித்தது. கூடத்தில் ஓதம். ஒரு ஆள் வந்து பார்த்து, மாடியெல்லாம் பாசி, மொத்தத்தையும் உடைச்சுப் புதுசா போடணும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமியின் கையில் இருந்தது பெண் கல்யாணத்துக்கு வைத்த பணம். "கல்யாணத்தைத் தள்ளிப் போடட்டுமா, மாடியைத் தள்ளிப் போடட்டுமா, நீயே சொல்லுப்பா" என்றார். மார்ச் வரைக்கும் மாடியைத் தொடாதீங்கோ மாமி என்றேன். மார்ச்சில் போனால் மாடி முழுக்கப் பாசி கறுத்துச் சுருண்டு கிடக்கிறது. ஒரே ஒரு மூலையில், இரண்டு அடி அகலத்துக்கு மட்டும், பச்சைப் பசேல். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி. மிதவை வால்வு சரியாக மூடாமல், வழிகிற தண்ணீர் குழாயின் பின்பக்கமாகவே இறங்கி ஓட்டு இடுக்கில் போய்க்கொண்டிருந்தது. வால்வு மாற்றி, அந்த மூலையில் மட்டும் தட்டோடு எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்பப் பதித்தோம். கல்யாணம் வைகாசியில் நடந்தது. நல்ல சாப்பாடு.

தி.நகரில் இன்னும் சுலபம். ஜன்னல் ஏ.சி., ஸ்ப்ளிட் ஏ.சி. எல்லாம் சந்துக்குள் சொட்டுகிற சொட்டில், கோடை நடுவிலும் சுவரில் நேர்கோடாக ஒரு பச்சைப் பட்டை இருக்கும். சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எந்த மாடியில் யார் ஏ.சி. போடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அடையாறில் மரநிழல் அதிகம், அங்கே பாசி காயக் கூடுதல் நாள் ஆகும், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. திசையையும் பார்க்கவேண்டும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்பது வடக்கத்திப் புத்தகம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கிறது.

2019 ஜூன் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அந்த மாசம் நான் பார்த்த மாடிகளில் எல்லாம் பாசி கரி மாதிரி. எங்கேயாவது பச்சை தெரிந்தால் அந்த வீட்டுக்காரர் சொட்டுச் சொட்டாகக் காசை ஒழுகவிடுகிறார் என்று அர்த்தம். அப்படி மூன்று வீடு கண்டுபிடித்தேன். ஜூன் 20ஆம் தேதி மழை வந்தது. மறுநாள் காலை என் வீட்டுக் கைப்பிடிச் சுவர் பச்சை.

சரி, பின்சுவர். கம்பி பிரஷ் பற்றி முதலில். காய்ந்த பாசியைச் சுரண்டினால் அது தூளாகப் பறக்கும். இலைத்துண்டிலிருந்தே புதுச் செடி முளைக்கும், அதோடு ஹயோஃபிலா தனியாக முளைக்குருத்துகளும் வைத்திருக்கும். சுரண்டுவது விதைப்பு. ஆசிட் இன்னும் மோசம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியம் குளோரைடு ஆக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற உப்பு. பாசியைக் கொல்கிறேன் என்று சுவருக்கு நிரந்தர ஓதம் ஏற்றிவைப்போம். அதன் மேல் மூச்சு விடாத பெயிண்டும் அடித்தால் உள்ளே மாட்டின ஈரம் கொப்புளமாகத் தள்ளும், உப்புப் பூத்துப் பூச்சு பேர்ந்து விழும். இரண்டு வருஷத்தில் மறுபடி நிதி திரட்டுவோம்.

பாசி நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. அது ஈரத்தைக் கூடுதல் நேரம் பிடித்துவைக்கும், மழைநீர்த் தூம்பை அடைக்கும், பார்க்க அழுக்காக இருக்கிறது என்று சொல்கிறவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். எடுக்கலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தின பிறகு, பாசி ஈரமாக இருக்கும்போது, தேங்காய் நாரால் தேய்த்து எடுத்து, சுண்ணாம்பு அடிக்கலாம். செலவு தீர்மானத்தில் இருப்பதில் பாதிகூட ஆகாது என்பது என் மதிப்பீடு.

அதனால் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். வேலையைப் பங்குனி வரைக்கும் தள்ளிவைக்கவேண்டும். தை, மாசி இரண்டு மாசமும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ஐந்தாறு மாணவர்கள் சுவரை ஒரு மீட்டர் கட்டமாகச் சாக்பீஸில் பிரித்து, எந்தக் கட்டத்தில் பாசி விரிந்திருக்கிறது, எதில் சுருண்டிருக்கிறது என்று குறிக்கவேண்டும். சிவில் பசங்கள்தான் வரவேண்டும் என்றில்லை, கண் தெரிந்தால் போதும். கெமிஸ்ட்ரி லேபின் கழிவுக் குழாய் போகிற பக்கத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இப்போது சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள். லென்ஸும் டீயும் என் செலவு. பேர் எழுதுகிற நோட்டு வாசலில், காபி வைத்திருக்கிற மேஜை மேலேயே இருக்கிறது.

தலைவர் மணியைப் பார்க்கிறார்.